தூண்டுகோல் வைத்து எழுதும் கதைகள் ஏன் பாதியில் நின்றுவிடுகின்றன?

மைக்கூடு:

அனைவருக்கும் வணக்கம். வாரம் ஒருமுறை கூடி எழுதிப் பழகும் எட்டுப் பேர் கொண்ட சிறு குழு ஒன்றை ஏறத்தாழ ஓராண்டாக நடத்தி வருகிறேன். எங்களில் மூவர் கவிதை எழுதுகிறவர்கள்; மற்றவர்கள் சிறுகதை எழுத விரும்புகிறவர்கள். எங்கள் முறை எளியது. கூடியதும் ஒருவர் ஒரு தூண்டுகோலைச் சொல்வார். அது ஒரு சொல்லாகவோ, ஒரு படமாகவோ, முடிக்கப்படாத ஒரு வரியாகவோ இருக்கும். இருபது நிமிடம் யாரும் பேசாமல் எழுதிவிட்டு, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவோம்.

தொடக்கத்தில் இது பெரும் உற்சாகத்தைத் தந்தது. வெற்றுத் தாளின் முன் உட்கார்ந்து என்ன எழுதுவது என்று திகைத்திருந்தவர்கள்கூட, தூண்டுகோல் கிடைத்ததும் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் சில மாதங்களாக இரண்டு குறைகள் தொடர்ந்து கண்ணில் படுகின்றன. முதலாவது, எட்டுப் பேரும் ஏறக்குறைய ஒன்றையே எழுதுகிறோம். ‘மழைநாள்’ என்றால் எட்டுப் பேரும் சிறுவயதுக்குப் போய்விடுகிறோம். ‘பழைய புகைப்படம்’ என்றால் எட்டுப் பேரும் இறந்துபோன ஒருவரை நினைத்துக்கொள்கிறோம். இரண்டாவது குறைதான் என்னை அதிகம் வருத்துகிறது. முதல் ஒன்றரைப் பக்கம் நன்றாக வருகிறது. அதற்கு மேல் கதை நகர்வதில்லை. வீட்டுக்குப் போய் முடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்ன யாரும் இதுவரை முடித்ததில்லை. நானும்தான்.

குறை தூண்டுகோலில் இருக்கிறதா, நாங்கள் அதைக் கையாளும் முறையில் இருக்கிறதா என்று விளங்கவில்லை. கதைக்கும் கவிதைக்கும் ஒரே வகைத் தூண்டுகோல் பொருந்துமா என்பதும் தெரியவில்லை. இதில் பழக்கமுள்ளவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பிழைதிருத்தி:

மைக்கூடு அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் எண்ணம். ‘மழைநாள்’, ‘பழைய புகைப்படம்’ ஆகியவை தூண்டுகோல்கள் அல்ல; தலைப்புகள். தலைப்பு எல்லாக் கதவுகளையும் திறந்து வைக்கிறது. எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும்போது மனம் தனக்கு மிகவும் பழகிய கதவு வழியாகத்தான் வெளியேறும். அந்தக் கதவு பெரும்பாலும் எல்லோருக்கும் பழகியதாகவே இருக்கும். நல்ல தூண்டுகோல் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. அது பல கதவுகளைச் சாத்திவிட்டு, ஒன்றை மட்டும் சற்றே திறந்து வைக்க வேண்டும்.

இதற்கு நாம் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. சங்க அகப்பாடல்களின் கீழே, பிரிவைத் தாங்க முடியாத தலைவி தோழிக்குச் சொன்னது என்பது போன்ற ஒரு கூற்றுக் குறிப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குறிப்புகள் பாடல்களைத் தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தவை என்றே கருதப்படுகிறது. ஆகவே அவை பாடலைப் பிறப்பித்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுதப் பழகுகிறவர் அவற்றைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். பாடலை மூடிவைத்துவிட்டுக் குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், அதைவிடச் சிறந்த தூண்டுகோல் அமைவது கடினம். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்த நிலையில் பேசுகிறார் என்ற மூன்றையும் அது ஒரே வரியில் கட்டிவிடுகிறது. பேசுகிறவருக்கு என்ன வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘பிரிவு’ என்று மட்டும் சொல்லியிருந்தால் நாம் பிரிவைப் பற்றி ஒரு கட்டுரைதான் எழுதியிருப்போம்.

உங்கள் தூண்டுகோல்களையே எடுத்துக்கொள்கிறேன். ‘மழைநாள்’ என்பதற்குப் பதிலாக, ‘மழை நின்றதும் கிளம்பிவிடுவேன் என்று சொன்னவர், மழை நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை’ என்று கொடுத்துப் பாருங்கள். ‘பழைய புகைப்படம்’ என்பதற்குப் பதிலாக, ‘வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கும் அண்ணன், அடுத்த அறையிலிருந்து தங்கை வருவதற்குள், ஒரு புகைப்படத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும், அந்தப் படத்தில் அவன் இல்லை’ என்று கொடுங்கள். இரண்டாவதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: ஒரு மனிதன், அவன் எதிர்கொள்ள வேண்டிய இன்னொரு மனிதர், குறைந்துகொண்டே வரும் நேரம், தள்ளிப்போட முடியாத ஒரு முடிவு. நினைவில் மூழ்க அவனுக்கு நேரமில்லை. உங்கள் கதைகள் ஒன்றரைப் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம், அவற்றில் வருகிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்களே தவிர, எதையும் செய்ய வேண்டிய கட்டாயத்தில் இல்லை என்பதாகத்தான் இருக்க வேண்டும். நினைவு ஒன்றரைப் பக்கம்தான் தாங்கும். அதன்பின் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், அது எளிதில் கிடைக்கக் கூடாது.

எல்லோரும் ஒன்றையே எழுதுவதற்கு இன்னொரு மருந்தும் உண்டு. தூண்டுகோலைக் கேட்டவுடன் பேனாவைத் தாளில் வைக்காமல், முதல் ஐந்து நிமிடத்துக்கு மனத்தில் தோன்றும் கதைகளை ஒவ்வொரு வரியாக மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவற்றில் முதல் மூன்றை அடித்துவிடச் சொல்லுங்கள். முதலில் வருவது நாம் எங்கோ படித்ததாகவோ பார்த்ததாகவோ இருக்கும். நான்காவதையோ ஐந்தாவதையோ எட்டும்போதுதான் நம்முடைய சொந்தச் சரக்கு வெளியே வரத் தொடங்கும். இது வலிக்கும், ஏனென்றால் முதல் மூன்றும் அப்போது மிக அழகாகவே தெரியும்.

பொறுமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1816ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று ஆங்கிலக் கவிஞர் பைரன் சொன்னார். உலகின் மிகப் புகழ்பெற்ற தூண்டுகோல் அதுவாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் பதினெட்டு வயதில் இருந்த மேரி ஷெல்லிக்கு உடனே எதுவும் தோன்றவில்லை. கதை கிடைத்ததா என்று ஒவ்வொரு காலையிலும் தன்னைக் கேட்டார்கள் என்றும், இல்லை என்று கூச்சத்தோடு பதில் சொல்ல நேர்ந்தது என்றும் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலின் 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். உயிரின் இயல்பு பற்றி மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்ததை இரவுவரை கேட்டிருந்துவிட்டுப் படுத்தபோதுதான் அந்த நாவலுக்கான காட்சி அவர் கண்முன் வந்தது. நாவல் 1818இல் வெளியாயிற்று. சுடர்விளக்கானாலும் தூண்டுகோல் வேண்டும் என்கிறோம். அந்தப் பழமொழியில் எண்ணெயைப் பற்றிப் பேச்சில்லை, ஏனென்றால் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. கோல் திரியை ஏற்றிவிடும், எண்ணெய் ஊற்றாது. உங்கள் இருபது நிமிடத்தில் சிலருக்கு எதுவும் வரவில்லை என்றால், அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். அவர்கள் தூண்டுகோலை ஒரு வாரம் மனத்தில் வைத்துக்கொண்டு நடமாடிவிட்டு வரட்டும்.

நிழல்வாசகி:

பிழைதிருத்தி அவர்கள் சொன்னதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டாலும், எனக்கு ஓர் அடிப்படையான ஐயம் இருக்கிறது. வெளியிலிருந்து கொடுக்கப்படும் பொருளுக்கு எழுதுவது பயிற்சிதானே தவிர, அது படைப்பாக மாறுவது அரிது என்பதே என் அனுபவம். நாள்தோறும் ஒரு தூண்டுகோல் என்ற கணக்கில் நான் நீண்ட காலம் எழுதினேன். தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று முழுவதும் தொடக்கங்களால் நிறைந்தது. முடிவு எதற்கும் இல்லை. ஒரு கட்டத்தில், நாள்தோறும் புதிதாகத் தொடங்குவது முடிக்காமல் தப்பிப்பதற்கான வழியாகவே எனக்கு ஆகிவிட்டதை உணர்ந்து, அடியோடு நிறுத்திவிட்டேன்.

ஆனால் நேர்மையாக இதையும் சொல்லிவிட வேண்டும். பல மாதங்கள் கழித்து அந்த நோட்டை எடுத்து வரிசையாகப் படித்தபோது, நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். கடல், சாவி, திருமணம், விண்வெளி என்று தூண்டுகோல் எதுவாக இருந்தாலும், இரவல் வாங்கிய ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்து, கொடுக்காமலே திரும்பிப் போகும் ஒருவர் என் பக்கங்களில் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தார். ஒன்பது இடங்களில் அவரைக் கண்டேன். சில இடங்களில் ஆணாக, சில இடங்களில் பெண்ணாக, ஓரிடத்தில் சிறுவனாக. அவரை நான் ஒருபோதும் திட்டமிட்டு எழுதியதில்லை. நான் முதன்முதலாக முடித்த கதை அவரைப் பற்றியதுதான். அதை எந்தத் தூண்டுகோலும் இல்லாமல் எழுதினேன்.

ஆகவே மைக்கூடு அவர்களுக்கு என் ஆலோசனை இது. சில மாதங்களுக்குப் புதிய தூண்டுகோல் எதையும் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவரும் இந்த ஓராண்டில் எழுதிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்து, தம்மை அறியாமல் திரும்பத் திரும்ப வருவது எது என்று தேடட்டும். அந்த ஓராண்டு உழைப்பின் பயன் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஓரச்சீர்:

நண்பர்களே, கவிதைக்கான தூண்டுகோலைப் பற்றி மைக்கூடு அவர்கள் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். கதைக்கு ஒரு நிலைமை வேண்டும் என்றால், கவிதைக்குப் பெரும்பாலும் ஒரு தடை வேண்டும். பொருளைக் கொடுப்பதைவிடச் சொல்லைக் கொடுப்பது, அதைவிடச் சொல்லைப் பறித்துக்கொள்வது, கவிஞரை விரைவாக விழிக்கச் செய்யும்.

ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் பழக்கம் நம் மொழியில் பழையது. உருதுக் கவியரங்குகளிலும் ஓர் அடியை முன்கூட்டியே அறிவித்து, அதன் சந்தத்திலும் இயைபிலும் கசல் பாடி வரச் செய்வதுண்டு. ஈற்றடியின் அருமை என்னவென்றால், போய்ச் சேர வேண்டிய இடம் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. வழியை மட்டும் கண்டுபிடித்தால் போதும். பாதியில் நின்றுவிடுகிறது என்று வருந்துகிற உங்கள் குழுவுக்கு இது நன்றாக உதவும் என்று நினைக்கிறேன். தொடக்க வரியைக் கொடுக்காமல் கடைசி வரியைக் கொடுத்துப் பாருங்கள். கதைக்கும் இது பொருந்தும். ‘அதன் பிறகு அவர் அந்தக் கதவைப் பூட்டுவதை நிறுத்திவிட்டார்’ என்று முடிய வேண்டும் என்றால், எழுதுகிறவர் முதல் வரியிலேயே பூட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

காளமேகப் புலவரிடம், முருகனைப் பற்றிய பாடல் ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடிய வேண்டும் என்று கேட்டதாக வழங்கும் செய்தியை எல்லோரும் அறிவீர்கள். அவர் செய்தது என்ன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கொடுத்த சொல்லைச் சுற்றிக்கொண்டு போகவில்லை; சொல்லையே உடைத்தார். போர் என்னும் பொருளுடைய ‘செரு’வும் புகுந்து என்னும் பொருளுடைய ‘புக்கு’ம் சேர்ந்த ‘செருப்புக்கு’ அவருக்குள் கிடைத்தது. ‘விளக்குமாறு’ விளக்கிச் சொல்லும்படி வேண்டுவதாக ஆயிற்று. தடை இல்லாதிருந்தால் அந்தச் சொற்களுக்குள் அப்படி ஒரு பிளவு இருப்பதை அவரேகூட அன்று பார்த்திருக்க மாட்டார்.

பறித்துக்கொள்ளும் தடைக்கு நிரோட்டகம் சிறந்த எடுத்துக்காட்டு. இதழகல் என்றும் அதைச் சொல்வார்கள். உதடு ஒட்டியோ குவிந்தோ பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ, ப, ம, வ ஆகிய ஒலிகளே வராமல் பாட வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் ஓர் அந்தாதி முழுவதையும் இப்படிப் பாடியிருக்கிறார். ஃபிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 1969இல் ‘e’ என்ற எழுத்தே இல்லாமல் ஒரு நாவல் வெளியிட்டதை உலகம் வியந்தது. அந்த எழுத்துதான் அம்மொழியில் மிகுதியாக வருவது. இவற்றை வெறும் வித்தை என்று ஒதுக்குவோர் உண்டு. நானும் சில காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒருமுறை தாயைப் பற்றிய ஒரு சிறு கவிதையை இதழகலாக எழுத முயன்றபோதுதான் என் எண்ணம் மாறியது. ‘அம்மா’ என்ற சொல்லை எழுத முடியாது. ‘அப்பா’வும் முடியாது. ‘அன்னை’, ‘தந்தை’ என்று எழுதலாம், ஆனால் எந்தக் குழந்தையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லி அழைக்க வழியில்லாததால், கை, கண், சேலை, நரைத்த தலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் அவரை எட்ட முடிந்தது. தாயைப் பற்றி அதற்கு முன் நான் எழுதிய எல்லாக் கவிதைகளிலும் ‘அம்மா’ என்ற சொல் எனக்காக எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது, நான் எவ்வளவு குறைவாகச் செய்தேன் என்பது அன்று விளங்கியது.

கதைக்கும் கவிதைக்கும் ஒருங்கே பொருந்தும் ஒரு முறையையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியச் சிறார் எழுத்தாளர் ஜியானி ரோதாரி, கற்பனையைத் தூண்டுவது பற்றி 1973இல் வெளியிட்ட நூலில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சொற்களை மோதவிடச் சொல்கிறார். ஒரு சொல் தனியாக நின்றால் பழைய நினைவையே எழுப்பும். இரண்டு அன்னியச் சொற்கள் அருகருகே நின்றால் அவற்றுக்கிடையே ஓர் உறவைக் கற்பிக்க மனம் பாடுபடும். அவர் தம் மொழியின் முன்னிடைச் சொற்களை மாற்றி மாற்றி வைத்துக் காட்டுகிறார். நமக்கு வேற்றுமை உருபுகள் இருக்கின்றன. ‘ஏணி’, ‘கடிதம்’ என்ற இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏணியில் கடிதம், ஏணியோடு கடிதம், கடிதத்தால் ஏணி, ஏணிக்குக் கடிதம். உருபு மாற மாற ஆள் மாறுகிறார், நிலைமை மாறுகிறது. ஏணியில் கடிதத்தை வைத்தவர், அங்கே ஏறக்கூடியவர் ஒருவர்தான் என்பதை அறிந்தவர். ஏணிக்கே கடிதம் எழுதுகிறவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

சொற்களை இரண்டு பெட்டிகளில் எழுதிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். நீங்களே தேர்ந்தெடுத்தால் ஒத்துப்போகும் சொற்களையே தேர்ந்தெடுப்பீர்கள்.

மைக்கூடு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதுவதே முறை என்று காத்திருந்தேன்.

முதல் வாரம் பிழைதிருத்தி அவர்கள் சொன்னபடி ஐந்து கருக்களைக் குறித்து முதல் மூன்றை அடித்தோம். இருவர் மிகவும் வருந்தினார்கள், ஒருவர் அடிக்க மறுத்துவிட்டார். ஆனால் வாசிக்கும்போது, குழு தொடங்கிய நாளுக்குப் பிறகு முதன்முறையாக எட்டுப் பேரும் எட்டு வெவ்வேறு இடங்களிலிருந்து எழுதியிருந்தோம். இரண்டாம் வாரம் நிழல்வாசகி அவர்களின் ஆலோசனைப்படி பழைய பக்கங்களைப் படித்தோம். அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத எனக்கு உரிமையில்லை. சிலர் கண்டுபிடித்தவை மிகவும் அந்தரங்கமானவை. என் பக்கங்களில் யாரும் யாரையும் மறுத்துப் பேசுவதே இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். என் கதைகள் ஏன் நகரவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை அது.

மூன்றாம் வாரம் ஓரச்சீர் அவர்களின் ஏணியையும் கடிதத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். இதுவரை ஒரு கதையைக்கூட முடித்திராத ஒருவர் நான்கு பக்கத்தில் முடித்துக்கொண்டு வந்தார். கணவர் இறந்த பிறகு, அவர் ஏறி விழுந்த ஏணியை விற்க மறுக்கும் ஒரு பெண், அதை வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் மறுப்புக் கடிதம் எழுதுகிறாள். கடிதங்கள் நீண்டுகொண்டே போய், கடைசிக் கடிதம் வாங்க வந்தவருக்கு எழுதியதாகவே இல்லை. வாசித்து முடித்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

இப்போது அவருக்கு ஒரு சிக்கல். திருத்தி எழுதும்போது கடிதம் கதைக்குத் தேவையில்லை என்று தோன்றுகிறதாம். அந்தப் பெண் நேரில் பேசினாலே போதும் என்கிறார். ஆனால் கொடுத்த சொல்லை எடுத்துவிட்டால் தூண்டுகோலை மீறியதாகாதா என்று தயங்குகிறார். என்ன சொல்வது?

பிழைதிருத்தி:

தயங்காமல் எடுத்துவிடச் சொல்லுங்கள். சாரம் கட்டித்தான் சுவர் எழுப்புகிறோம்; பூச்சு முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுகிறோம். ஜெனீவாக் கதையின் மறுபாதியையும் அவரிடம் சொல்லலாம். எழுதுவோம் என்று அழைத்த பைரனே தம் கதையைப் பாதியில் விட்டுவிட்டார். அந்தத் துண்டை அடிப்படையாக வைத்து அவருடைய மருத்துவர் பாலிடோரி எழுதிய கதைதான் 1819இல் வெளியாகி, ஆங்கிலத்தில் இரத்தக்காட்டேரிக் கதைகளுக்கு வழி திறந்தது. கேட்டதோ பேய்க்கதை, வந்ததோ வேறு.

ஆனால் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யட்டும். தூண்டுகோல் என்ன என்பதே தெரியாத ஒருவரிடம் கதையை இருக்கிறபடியே வாசித்துக் காட்டட்டும். ‘இவள் ஏன் கடிதம் எழுத வேண்டும்?’ என்று கேட்பவர் கேட்டால், கடிதம் வெளியே போகட்டும். அப்படி எதுவும் கேட்காமல், கடைசிக் கடிதம் யாருக்கு எழுதியது என்று கேட்டால், ஒரு வரியையும் தொட வேண்டாம்.